காதுராசிக்காரி

அவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவள் கணவர், "வயருக்குப் பாட்டுப் போட்டுக் காட்டற வேலை" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். உள்ளதை உள்ளபடி சொல்லியே பழக்கப்பட்டவர்.

ஓர் அச்சகத்தின் மாடியில் மூன்று அறைகள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளை அங்கே செய்தார்கள். எலெக்ட்ரிக் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற சிவப்பு கறுப்பு வயர் இல்லை இது. செம்புக் கம்பிகளை முறுக்கி, மேலே பருத்தி நூல் சுற்றி, அதற்கும் மேலே வலை உறை மாட்டி, இரண்டு முனையிலும் தங்க முலாம் பூசிய பிளக் வைத்தால் கட்டைவிரல் தடிமனுக்கு வரும். ஒரு ஜோடி ஒரு மோட்டார் சைக்கிள் விலை. வாங்குகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறும் வயதை எப்போதோ கடந்திருப்பார்கள்.

முதல் அறையில் சால்டரிங், ஈயத்தை உருக்கிக் கம்பியைப் பிளக்கில் பற்ற வைக்கிற வேலை. இரண்டாவதில் முதலாளியும் அவர் மேஜையும். மூன்றாவது அறைக்குப் பர்ன்-இன் அறை என்று பெயர். புதுக் கேபிள் முரடு, அதற்குள் மின்சாரம் ஓடி ஓடிப் பழகினால்தான் சத்தம் இளகி வரும் என்பது முதலாளியின் கட்சி. அதனால் ஒவ்வொரு கேபிளையும் ஒரு பெட்டியில் மாட்டி இருநூறு மணி நேரம் ஓட விடுவார்கள். பெட்டி மழை மாதிரி இரையும், பிறகு அடிவயிற்றில் உறுமும், பிறகு விசில் அடிக்கும், மறுபடி மழை. கேபிள் தரையில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பீங்கான் குமிழ்கள்மேல் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை: ஏறிய நாள், மணி, இறங்கும் நாள், மணி. அட்டை எழுதுவதும், ஏற்றுவதும், இறக்குவதும், கடைசியில் ஸ்பீக்கரில் மாட்டிக் கேட்டுப் பார்த்து "சரி" போடுவதும் அவள் பொறுப்பு.

இறங்கிய கேபிளைப் பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும். விதிகளை முதலாளி அச்சடித்துப் பெட்டிக்குள் போட்டிருந்தார். முகம் கழுவும் தொட்டியைவிடச் சின்ன வட்டமாகச் சுருட்டாதீர்கள். மடிக்காதீர்கள். உதறாதீர்கள். இணைத்த பிறகு மூன்று நாள் தொடாதீர்கள். தொட்டால் கேபிள் கலைந்துவிடும். மறுபடி அடங்க மூன்று நாள் ஆகும்.

முதலாளி ஏமாற்றுக்காரர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். அவர் வீட்டிலும் அதே கேபிள்தான். அவர் மனைவி கூட்டும்போது துடைப்பம் பட்டுவிட்டால் மூன்று நாள் பாட்டே கேட்காமல் பட்டினி கிடப்பார்.

அவள் இதற்கு முன் பதினோரு வருஷம் லாரிகளுக்கு வயர் கட்டு கட்டும் தொழிற்சாலையில் இருந்தாள். தொழிற்சாலை வேறு ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனபோது சால்டரிங் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டு இங்கே வந்தாள். முதலாளி அவள் கைவேலையைப் பார்த்தார், திருப்தி. பிறகு ஒரு நாற்காலியில் உட்கார வைத்து ஒரே பாட்டை இரண்டு கேபிளில் மாற்றி மாற்றிப் போட்டார்.

"எதும்மா நல்லாருக்கு? யோசிச்சுச் சொல்லுங்க."

அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது தடவை பாட்டு ஓடியபோது முதலாளியின் புருவம் கொஞ்சம் மேலே ஏறி, உதடு லேசாக விரிந்ததை அவள் கவனித்திருந்தாள்.

"ரெண்டாவது சார்."

"நாளைக்கே வந்துடுங்க" என்றார் முதலாளி.

முகம் பார்ப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த பழக்கம். ஏழு வயதில் இடது காதில் சீழ் பிடித்தது. நின்றபோது அந்தக் காதில் சத்தமும் நின்றுபோயிருந்தது. வீட்டில் ஆறு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஒரு காது கேட்காததை யாரும் உடனே கவனிக்கவில்லை, கவனித்தபோது பழகிவிட்டிருந்தது. பேசுகிறவர்களின் வாயையும் கண்ணையும் பார்த்துப் பாதியை நிரப்பிக்கொள்வாள். கல்யாணமான புதிதில் கணவரிடம் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நான் இந்தப் பக்கம் வரேன்" என்று அவளுடைய வலது பக்கம் மாறிக்கொண்டார். சண்டை வந்தால் மட்டும், "உனக்கு இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடக்கூட வழியில்ல, எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்கற" என்பார். மற்றபடி விஷயம் காதும் காதும் வைத்த மாதிரி இருவருக்குள்ளேயே இருந்தது. வேலை செய்யும் இடத்தில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்ததன் பலன் அவள் எதிர்பாராதது. ஸ்பீக்கர்களுக்கு எதிரே உட்கார்ந்தால் நல்ல காதை முன்னால் கொடுப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிச் சாய்த்துக்கொள்வாள். கண் தானாக மூடிக்கொள்ளும். காலை ஐந்து மணிக்கு எழுந்து வருகிறவளுக்கு வேறெப்படி இருக்கும். கேபிள் வாங்க வந்து காத்திருந்த ஒருவர் கதவு இடுக்கு வழியாக இதைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் போய், "அந்தம்மா கேக்கறதைப் பாத்தீங்களா? அப்படியே உள்ள போயிடறாங்க" என்றார். அவர் இன்னொருவரிடம் சொன்னார். கருத்துக் கேட்டால் அவள் அதிகம் பேசமாட்டாள் என்பதும் சேர்ந்துகொண்டது. "பரவால்ல சார்" என்பாள். "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்பாள். இரண்டு வருஷத்துக்குள், அவள் கேட்டு "சரி" போட்ட கேபிள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். சில பேருக்குக் கைராசி மாதிரி அவளுக்குக் காதுராசி என்று பேச்சு. காதுராசிக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது.

வீட்டில் வந்து சொன்னாள். கணவர் வேன் சாவியை ஆணியில் மாட்டியபடி, "ஒத்தக் காதுக்கே இவ்ளோ பேரா?" என்றார்.

ஒன்பது வருஷம் இப்படிப் போனது.

வாடிக்கையாளரான ஒரு பல் டாக்டரின் வீட்டுக்குப் போக நேர்ந்தது ஒன்பதாவது வருஷத்தில்தான். அறுபத்திரண்டு வயது, கிளினிக்குக்குப் பாதி நாள் போய்விட்டு மீதி நாள் பாட்டுக் கேட்கிறவர். வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது பெயின்டர்கள் சோபாவையும் ஸ்பீக்கரையும் நகர்த்திவிட்டார்கள். அன்றிலிருந்து சத்தத்தில் உயிர் இல்லை என்று முதலாளிக்குப் போன் செய்தார்.

"கலைஞ்சிருக்கும் சார். மூணு நாள் விட்டுடுங்க, தானா அடங்கும்."

மூன்று நாள் கழித்து மறுபடி போன். அடங்கவில்லை. ஒரு வாரம் விட்டுப் பார்த்தார். இடது பக்கம் அவ்வப்போது செத்துச் செத்துப் பிழைக்கிறது. முதலாளி கவலையோடு பர்ன்-இன் அறைக்கு வந்தார்.

"நீங்களே நேர்ல போய் ஒரு தடவை கேட்டுட்டு வந்துடுங்கம்மா. உங்க காதுக்குத் தெரியாததா?"

அவள் சால்டரிங் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பல் டாக்டர் அவளை ஹாலின் நடுவில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தார். மற்ற நாற்காலிகளெல்லாம் சத்தத்தைக் கெடுக்கின்றன என்று வராந்தாவுக்கு அனுப்பப்பட்டிருந்தன. அவர் மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஏதோ ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளும் டாக்டர்தான். காது, மூக்கு, தொண்டை.

பாட்டு ஓடியது. வந்ததற்கு மரியாதையாகப் பத்து நிமிஷம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர் அவளுடைய இடது பக்கம் நின்று ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை. அவர் பயபக்தியோடு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

உண்மையில் உட்காரும்போதே கேபிள் உறை நசுங்கியிருந்ததை அவள் பார்த்துவிட்டிருந்தாள். சோபாவைத் திருப்பி வைத்தவர்கள் அதன் காலை இடது கேபிள்மேல் வைத்து, பிறகு இழுத்திருக்கிறார்கள். எழுந்து போய் முழங்காலிட்டு, கேபிளைப் பிளக்கிலிருந்து விரல் விரலாகத் தடவிக்கொண்டு வந்தாள். நாலு விரல் தூரத்தில் உறைக்கு அடியில் தளர்ந்து கொழகொழவென்று இருந்தது. உள்ளே கம்பிகள் அறுந்து, மிச்சம் நாலைந்து இழைதான் தாங்கிக்கொண்டிருக்கும். லாரி வயரில் இதே மாதிரி ஆயிரம் பார்த்தவள். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, பிளக்கைப் புதிதாகப் பற்ற வைத்து மாட்டினாள். இடது ஸ்பீக்கர் பளிச்சென்று பேச ஆரம்பித்தது.

பல் டாக்டர் மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா? கண்ணை மூடிக் கேட்டாங்க, நேரா அந்த இடத்துக்கே போனாங்க. இதான் காது."

"பாத்தேன்" என்றார் காது டாக்டர். ஃபைலை மூடிவிட்டு எழுந்து வந்தார். "ஒரு நிமிஷம் அந்த ரூமுக்கு வாங்கம்மா. கை கழுவிக்கலாம்."

கை கழுவும் இடத்தில் அவர் குழாயைத் திறந்துவிட்டு, அவளுடைய இடது பக்கமாக நின்று சாதாரணக் குரலில் ஏதோ சொன்னார். பிறகு வலது பக்கம் வந்தார்.

"எத்தனை வயசுலேர்ந்து?"

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மறைக்கத் தோன்றவில்லை. "ஏழு" என்றாள். "மேடம், முதலாளிக்குத் தெரியாது. சாருக்கும்..."

"சாரை விடுங்க. அவருக்குப் பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல, கீச்சுன்னு வர்ற எந்த ஓசையும் கேக்காது. நானே டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுத்திருக்கேன். அதை டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டு இன்னொரு கேபிள் வாங்கினார்." அலமாரியிலிருந்து இசைக்கவையை எடுத்தார், இரண்டு கிளையுள்ள, முள்கரண்டி மாதிரி எஃகு. முழங்கையில் தட்டி அதன் காம்பை அவள் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?"

அவள் கை மெல்ல எழுந்து இடது காதைத் தொட்டது. மறுபடி வைக்கச் சொன்னாள். மறுபடியும் அங்கேதான் கேட்டது, ரீங்காரமாக, முப்பத்தேழு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் யாரோ நடக்கிற மாதிரி.

"நரம்பு நல்லாருக்கு" என்றார் டாக்டர். "உள்ள இருக்கற குட்டி எலும்பு ஒண்ணு இறுகிப்போயிருக்கும். சரி பண்ணிப் பாக்கலாம். நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

கணவரிடம் அன்று சாயங்காலம் வேனிலேயே சொன்னாள். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலியாக வந்துகொண்டிருந்தார். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குப் பயமா இருக்கா?"

"வலிக்குமோன்னு இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் அவர். எதற்கு அவருக்கு வலிக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம். முதலாளியிடம் உடம்புக்கு முடியவில்லை என்று லீவு சொல்லியிருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் விவரம் சொன்னார்: தலையைக் குனியாதீர்கள், கனம் தூக்காதீர்கள், மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். அசைந்தால் உள்ளே வைத்தது கலைந்துவிடும். முதலில் எல்லாம் தகரத்தில் தட்டுகிற மாதிரி கரகரவென்று கேட்கும், மூளை பழகப் பழகச் சரியாகும், அவசரப்படக் கூடாது.

கணவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "எத்தனை மணி நேரம் மேடம்? இருநூறா?"

"ஆறு வாரம்" என்றார் டாக்டர். அவருக்கு எதற்கு அந்தக் கேள்வி என்று புரியவில்லை.

ஆறு வாரத்தில் அவள் தெரிந்துகொண்டவை பல. குளிர்சாதனப் பெட்டி தனக்குள் பேசிக்கொள்கிறது. செருப்புக்கு இரண்டு பக்கமும் சத்தம் உண்டு. இருபது வருஷம் நல்ல காதைத் தலையணையில் அமுக்கிப் படுத்ததால் கணவர் குறட்டை விடுவது அவளுக்குத் தெரிந்தே இருக்கவில்லை. சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கரகரப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. தகரம் போய் மனிதக் குரல் வந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று காலை, இருநூறு மணி முடிந்த ஒரு ஜோடி காத்திருந்தது. ஸ்பீக்கர்களில் மாட்டி, வழக்கமான பாட்டைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது பக்கம் ஒரு பெட்டி, வலது பக்கம் ஒரு பெட்டி. பாடுகிற பெண் இரண்டிலும் இல்லை. நடுவில், வெறும் சுவருக்கு முன்னால், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நின்று பாடினாள். பின்னால் வலது பக்கம் யாரோ தோல் வாத்தியத்தை விரலால் தட்டினார்கள்.

அவள் எழுந்து போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள். மறுபடி அந்தப் பெண் நடுவில் நின்றாள்.

முதலாளி உள்ளே வந்தார். "உடம்பு தேவலையாம்மா?"

"தேவலை சார். நான் இல்லாதப்ப நடுவுல புதுசா ஸ்பீக்கர் எதாவது வெச்சீங்களா?"

"இல்லையே."

"அப்ப அந்தப் பொண்ணு நடுவுல நிக்குதே?"

"எப்பவும் நடுவுலதானே நிக்கும்? ரெண்டு ஸ்பீக்கர் எதுக்கு வெக்கறோம்?" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவளுடைய இடது காதில் இன்னும் ஒட்டியிருந்த சின்னப் பஞ்சைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முதல் நாள் அவர் புருவத்தைப் பார்த்துச் சொன்னதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அது குற்ற உணர்ச்சியாலா, அந்தப் பாட்டாலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"ஒன்பது வருஷம்" என்றார் முதலாளி. பிறகு, "பல் டாக்டருக்குத் தெரியுமா?"

"அவர் வீட்டம்மாதான் ஆபரேஷன் பண்ணாங்க."

"சார்கிட்ட சொல்லாம இருக்கச் சொல்லுங்க." எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "சரி. இப்ப ரெண்டு காதும் இருக்கு. இப்பவாவது ஒழுங்கா கேட்டுச் சொல்லுங்க. பர்ன்-இன் ஆன ஜோடி, ஆகாத ஜோடி. வித்தியாசம் தெரியுதா?"

அவர் மாற்றி மாற்றி மாட்டினார். இந்தத் தடவை அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டாள். பாடுகிறவள் இரண்டு தடவையும் அதே இடத்தில் அதே மாதிரி நின்றாள்.

"தெரியல சார்."

"காது புதுசு. இன்னும் பழகல" என்றார் முதலாளி. "நகருங்க, நான் உக்கார்றேன். கண்ணை மூடிக்கறேன். நீங்க மாத்துங்க."

அவள் ஓடிக்கொண்டிருந்த ஜோடியைக் கழற்றினாள். புது ஜோடியை எடுத்தபோது ஒரு பிளக்கின் திருகு லூசாக ஆடியது. அதை மாட்டக் கூடாது. திருகாணி முடுக்கி பக்கத்து அறையில் இருந்தது. அவரைக் காக்க வைக்க வேண்டாமே என்று பழையதையே திருப்பி மாட்டிப் பாட்டைப் போட்டுவிட்டுச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கண்ணை மூடியபடியே பேச ஆரம்பித்துவிட்டார்.

"பாத்தீங்களா? என்ன முரடு. குரல்ல ஒரு இறுக்கம். நடுவுல நின்னவங்க ஒரு அடி பின்னால போயிட்டாங்க. இது கேக்கலையா உங்களுக்கு?"

"இன்னும் மாத்தல சார்" என்றாள் அவள். "திருகு லூசா இருந்துச்சு. பழசையே மாட்டிருக்கேன்."

முதலாளி கண்ணைத் திறந்தார். கேபிளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"கழட்டினீங்களா?"

"கழட்டி மாட்டினேன்."

"அதான்" என்றார் அவர். "கழட்டினதுல கலைஞ்சிருக்கு."

அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கேட்டுப் பார்த்து "சரி" போடும் வேலையை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவளாகப் போய் ஒன்று கேட்டாள்: ஒவ்வொரு முனையையும் வளைத்து, இழுத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், அதற்கு நேரம் தர வேண்டும். அவர் சம்மதித்தார். கேபிளை வளைப்பது அவர் கொள்கைக்கு விரோதம் என்பதால், பர்ன்-இன்னுக்கு முன்னால் வளைக்கச் சொன்னார். அந்த வருஷம் இடது பக்கம் சாகிறது, வலது பக்கம் சாகிறது என்று வருகிற போன்கள் பாதியாகக் குறைந்தன. பர்ன்-இன் பெட்டியை மாற்றியதால்தான் என்றார் முதலாளி.

வாடிக்கையாளர்கள் அவளைப் பற்றி வேறு மாதிரி பேச ஆரம்பித்தார்கள். பல் டாக்டர் மாடிக்கு வந்தபோது வற்புறுத்தி அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் தலை சாயாமல், கண் மூடாமல், நேராக உட்கார்ந்து கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு சார், பாட்டு ரொம்ப நல்லாருக்கு" என்றாள். அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். வெளியே போகும்போது முதலாளியிடம் தணிந்த குரலில், "காதுன்னா ஒரு வயசு வரைக்கும்தான். பாவம், நல்லா இருந்தாங்க" என்றார். தணிந்த குரல்தான், அவளுக்குக் கேட்டது.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவளும் கணவரும் கடைத்தெருவில் பாத்திரக் கடையிலிருந்து வெளியே வந்தார்கள். கூட்டம் நெரித்தது. வண்டிகள், ஹாரன், கூவி விற்கிறவர்கள். பத்தடி போயிருப்பார்கள்.

"அம்மா, குடை."

ஒற்றைக் காதுக்காரர்களுக்குச் சத்தம் வரும். எந்தத் திசையிலிருந்து என்பது வராது. யாராவது கூப்பிட்டால் தெருவையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். அவள் சுற்றவில்லை. இடது பக்கம் பின்னால், ஒரே திருப்பாகத் திரும்பினாள். கூட்டத்துக்கு நடுவே கடைக்காரர் அவள் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

கணவர் நடையை நிறுத்தினார். "எப்படி டக்குனு திரும்பின?"

"அங்கேர்ந்துதானே கூப்பிட்டார்" என்று சொல்லிவிட்டு அவள் குடையை வாங்கப் போனாள்.